மாடித்தோட்டத்துக்குக் கைத்தெளிப்பானா, பேட்டரித் தெளிப்பானா? ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மாடித்தோட்டத்துக்குத் தெளிப்பான் வாங்க நினைப்பவர், ஒரு முறை மருந்து அடிக்க எத்தனை லிட்டர் கரைசல் செலவாகும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். கையா பேட்டரியா என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும். வடசென்னை தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் கத்தரி, வெண்டை, மிளகாய், செம்பருத்தி, பந்தலில் ஏறிய அவரை என்று அறுபது தொட்டிகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. இலையின் அடிப்பக்கம்வரை நன்றாக நனைத்தாலும் நான்கு லிட்டருக்கு மேல் தேவைப்படுவதில்லை. இந்தத் தோட்டத்தில் 2 லிட்டர், 5 லிட்டர் கைப்பம்புத் தெளிப்பான்களையும், முதுகில் மாட்டும் 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பானையும் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

பேட்டரித் தெளிப்பானின் பெரிய பலம் சீரான அழுத்தம். கைப்பம்பில் காற்றடித்த உடனே மென்மையான பனித்துளியாக வரும் கரைசல், டேங்க் காலியாகக் காலியாகப் பெருந்துளியாக மாறும். நடுவில் நிறுத்தி மறுபடியும் பம்ப் செய்ய வேண்டும். பேட்டரியில் அந்தத் தொல்லை இல்லை. கத்தரியிலும் செம்பருத்தியிலும் இலைக்கடியில் அப்பிக்கொள்ளும் மாவுப்பூச்சியை விரட்ட, நாசிலை (கரைசல் பீய்ச்சும் முனையை) கீழிருந்து மேல்நோக்கித் திருப்பிப் பிடித்து, விடாமல் அடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது.

ஆனால் எங்கள் அளவுக்கு அது பெரிய இயந்திரம். முழுக்க நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. இயந்திரத்தின் எடையும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையுடன் குறுகிய மாடிப்படியில் ஏறவும் முடியாது, பந்தலுக்கு அடியில் குனிந்து நுழையவும் முடியாது. சரி, நான்கு லிட்டர் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம் என்றால், குனியும்போது கரைசல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கத் தொடங்குகிறது. அடியில் தங்கும் மிச்சமும் வீணாகிறது. வேப்பெண்ணெய்க் கரைசலை அன்றன்றைக்குக் கலக்கி அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்பதால், இந்த மிச்சம் சிறிய விஷயமில்லை.

கரைசலின் தன்மையைப் பற்றிக் கடைக்காரர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அனுபவத்தில் அதுவே தீர்மானிக்கும் காரணமாக இருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்தால், சற்று நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். சிறிய கைத்தெளிப்பானை அவ்வப்போது குலுக்கிவிடலாம். முதுகில் இருப்பதை எப்படிக் குலுக்குவது? தண்ணீரும் இங்கே ஒரு சிக்கல். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பழைய செய்தி. கடலோரமான நம் பகுதிகளிலும் பல வீடுகளின் போர்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெண்படலமாகி, நாசிலுக்கு முன்னுள்ள வடிகட்டியை அடைத்துவிடுகிறது. ஆகவே குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) மட்டுமே மருந்து கலக்குவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலக்கும்போது பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டியாக வேண்டும். அப்படியும் அடைத்தால், கைத்தெளிப்பானின் நாசிலைக் கழற்றி ஊதிவிட்டால் போதும். பேட்டரித் தெளிப்பானில் நாசில், கைப்பிடிக்குள் இருக்கும் வடிகட்டி, பம்புக்கு முன்னுள்ள வடிகட்டி என்று மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

நேரம் பார்ப்பதும் இங்கே முக்கியம். வெயில் பட்டால் வேப்பெண்ணெயின் வீரியம் குறையும் என்பதால் மாலையில் அடிக்கச் சொல்வார்கள். ஆனால் கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிளம்பிவிட்டால், பேட்டரித் தெளிப்பானின் நுண்துளிகள் செடியில் தங்காமல் அடுத்த வீட்டு மாடிக்குப் பறக்கின்றன. அங்கே வடாமோ கருவாடோ காய்ந்துகொண்டிருந்தால் மனத்தாங்கல் நிச்சயம். காற்று அடங்கிய விடியற்காலையில், நாசிலைச் சற்றுத் திறந்து பெருந்துளியாக அடிப்பதே எங்கள் தெருவுக்கு ஒத்துவருகிறது.

பராமரிப்பில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. கைத்தெளிப்பானில் கெடுவது பெரும்பாலும் வாஷர். உப்புக்காற்றில் டிரிக்கரின் கம்பிச்சுருள் துருப்பிடிக்கும். பேட்டரித் தெளிப்பானிலோ உள்ளே இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரியைச் சும்மா வைத்தாலே கெட்டுப்போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மருந்து அடிக்கும் வேலை அநேகமாக இருக்காது. அந்த மாதங்களிலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றாவிட்டால், பொங்கலுக்குப் பிறகு எடுக்கும்போது அது பாதி நேரம்கூட உழைக்காது.

கைவலியோ தோள்வலியோ உள்ளவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, மொபைல் சார்ஜரிலேயே சார்ஜ் ஆகும் 2 லிட்டர் லித்தியம் பேட்டரித் தெளிப்பானைப் பார்க்கலாம். என் அத்தை அதைத்தான் வைத்திருக்கிறார். வேகம் குறைவு, கெட்டியான கரைசலுக்கு ஆகாது, ஆனால் இருபது தொட்டிக்குத் தாராளம்.

எங்கள் மாடிக்கு இன்று புதிதாக வாங்குவதென்றால், தோளில் மாட்டும் 5 லிட்டர் கைப்பம்பையே வாங்குவேன். 16 லிட்டர் இயந்திரம் இப்போது மாதவரத்தில் உறவினரின் மனையில் உள்ள மா, கொய்யா, தென்னங்கன்றுகளுக்குப் போய்விட்டது; ஒரே சமயத்தில் மூன்று டேங்க் அடிக்க வேண்டிய அந்த இடத்தில், கைப்பம்பைக் கையில் எடுக்கவே யாருக்கும் மனம் வராது. எதை வாங்கினாலும் அன்றைக்கே ஒரு வாஷர் செட்டும் மாற்று நாசிலும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் பேட்டரித் தெளிப்பான் பார்ப்பவர்கள், மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே இருக்கும் பேட்டரி 12 வோல்ட் 8 ஆம்பியர்-மணி (Ah) என்ற பொதுவான அளவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவாக இருந்தால், நாளை அது கெட்டாலும் மாற்று பேட்டரியை வேறு கடையில் வாங்கி நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.