சிப்பிப்பாறைக் குட்டிக்கு மூன்று பட்டை ஹார்னஸ்: ஏற்காட்டுப் பயணத்தில் கண்டது

எங்கள் செம்பி எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி. சேலம் அழகாபுரத்துத் தெருவையும் வீட்டு மொட்டைமாடியையும் தவிர வேறெதையும் அறியாத அவளைக் கடந்த நவம்பரில் முதன்முறையாக ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றோம். அந்தப் பயணத்துக்கென்றே ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய மூன்று பட்டை ஹார்னஸைப் (கயிறு மாட்டுவதற்காக நாயின் உடலைச் சுற்றி அணிவிக்கும் பட்டைத் தொகுப்பு) பற்றி எழுதுகிறேன்.

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்களை வளர்ப்போர் இந்தச் சிக்கலை அறிவர். இவற்றின் தலை குறுகலானது. கழுத்தின் சுற்றளவும் தலையின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினாலொழிய, தலையைத் தாழ்த்திப் பின்வாங்கிய மாத்திரத்தில் கழுத்துப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். கழுத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என இரண்டு பட்டைகள் மட்டுமே கொண்ட ஹார்னஸும் லாப்ரடார் போன்ற பருத்த உடலுக்குப் பொருந்துமே தவிர, ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் கொண்ட இந்த உடலில் நிற்பதில்லை. செம்பி ஒருமுறை வீட்டு வாசலில் அப்படி உருவிக்கொண்டு, பேருந்து வரும் சாலையின் விளிம்பு வரை ஓடிவிட்டாள். அந்தச் சில நொடிகளில் நான் பட்ட பாடு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

இந்த ஹார்னஸில் மூன்றாவது பட்டை, விலா முடிந்து இடுப்பு சிறுக்கும் இடத்தில் வருகிறது. நாய் பின்னோக்கி இழுத்தாலும் அந்தச் சிறிய வளையத்துக்குள் அகன்ற மார்பு நுழைய முடியாது என்பதே இதன் சூட்சுமம். வாங்கும்போது எடையைச் சொல்லி அளவு கேட்காமல், முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும் இடுப்பின் சுற்றளவையும் தையல் நாடாவால் அளந்து செல்வது நல்லது. மாட்டிய பின் பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும்.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை மனத்தில் கொண்டு காலையில் அவளுக்கு உணவு தரவில்லை, வாந்தி வரவில்லை. ஹார்னஸின் முதுகுப் பக்கத்தில் கயிறு மாட்டும் வளையத்தை சீட் பெல்ட்டோடு இணைத்திருந்ததால் முன்னிருக்கைக்குத் தாவவும் இல்லை. (இது விபத்திலிருந்து காக்கும் கருவி அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) உண்மையான சோதனை, வழியில் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி அவளை இறக்கியபோதுதான் வந்தது. தடுப்புச் சுவரிலிருந்து ஒரு குரங்கு எங்கள் பக்கமாகக் குதிக்க, செம்பி முன்னங்கால்களை மடக்கி, அன்று வாசலில் செய்ததைப் போலவே முழு பலத்தோடும் பின்வாங்கினாள். ஹார்னஸ் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்து, இடுப்புப் பட்டை விலாவில் முட்டி நின்றுவிட்டது. கொடுத்த பணம் அந்தக் கணத்திலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

5,326 அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலருகே, புல்வெளியில் ஐந்து மீட்டர் கயிற்றை முதுகு வளையத்தில் மாட்டி விட்டோம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத் துரத்தும் இனத்தைச் சேர்ந்த குட்டி, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் முதலில் திகைத்து நின்றது. பிறகு மூக்கைத் தரையில் வைத்துப் புல்லின் ஒவ்வோர் அடியையும் முகர்ந்து கொண்டே நடந்தது. பிறகு, கயிறு அனுமதித்த வட்டத்துக்குள், மாடியில் நான் ஒருநாளும் கண்டிராத வேகத்தில் ஓடியது. காட்டெருமைகள் நடமாடும் மலை என்பதால் கயிற்றை ஒரு கணமும் கைவிடவில்லை.

குறைகளும் உண்டு. மார்பின் மெத்தைப் பகுதி பனியில் ஊறி, மறுநாள் மாலை வரை காயவில்லை. கழுத்துப் பகுதியில் கொக்கி இல்லாததால் தலை வழியாகவே மாட்ட வேண்டியிருக்கிறது. அதை அவள் விரும்புவதில்லை. ஈரமான மெத்தையின் அடியில் ஓர் உண்ணியும் ஒட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கியதும் ஹார்னஸைக் கழற்றி, காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் பார்ப்பதோடு, பட்டை படிந்த இடங்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

நாள் முழுவதும் அணிந்ததில் அக்குளில் பட்டையின் ஓரம் உராய்ந்து தோல் சிவந்திருந்தது. தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து அந்த ஓரத்தில் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்து வாங்கிய பின், இதுவரை மீண்டும் சிவக்கவில்லை.