வாக்கரா, மர நடைவண்டியா?

குழந்தைக்கு 8 மாதம் ஆகிவிட்டது, உட்கார வைத்து ஓடவிடும் சக்கர வாக்கர் வாங்கலாமா என்று கேட்டால் என் பதில், வேண்டவே வேண்டாம். அதில் உட்கார்ந்த குழந்தை ஒரே நொடியில் 3 அடிக்கு மேல் உருண்டு போய்விடும், நாம் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசல்படியில் கவிழ்ந்திருக்கும், இல்லையென்றால் மேசைமேல் இருக்கிற சூடான காபி டம்ளரை எட்டிப் பிடித்திருக்கும். கனடாவில் 2004 முதல் இதை விற்கவே தடை. சீக்கிரம் நடக்க வைக்கும் என்பதும் உண்மையில்லை.

மர நடைவண்டி அப்படியில்லை. எழுந்து நிற்கிற பிள்ளைதான் அதைப் பிடித்துத் தள்ள முடியும், உடம்பைத் தன் காலே தாங்கும். சரி, வழவழ டைல்ஸில் அதுவும் சறுக்கி ஓடும், அதனால் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும், அப்புறம் ஆணியோ சிலாம்போ துருத்துகிறதா என்று வாங்கும்போதே கையால் தடவிப் பாருங்கள். நிற்கப் பழகும்வரை தரையில் பாயை விரித்துத் தவழ விடுங்கள்.