முன்கண்ணாடியில் படியும் ஆவி: மலைக்கு ஒரு வழி, சமவெளிக்கு வேறு வழி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மாலை நேரத்தில் கார் ஓட்டியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்காது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஏசியை அணைத்துவிடுகிறோம். எஞ்சின் நன்றாக இழுக்க வேண்டும் என்பது ஒரு காரணம், வெளியே குளிரத் தொடங்கிவிட்டது என்பது இன்னொரு காரணம். மழைக்காக ஜன்னல்களை ஏற்றிவிடுகிறோம். காற்று உள்ளேயே சுழலும்படி கோவையில் அழுத்திய ரீசர்குலேஷன் பொத்தான் மட்டும் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருக்கிறது. பர்லியாறு வருவதற்குள் முன்கண்ணாடி பால் பூசியதுபோல் மங்கிவிடுகிறது. எதிரே இறங்கி வரும் பேருந்தின் விளக்கு ஒரு மஞ்சள் கறையாக மட்டுமே தெரிகிறது. அதன்பின் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். ஜன்னலைத் திற என்பார் ஒருவர். ஹீட்டரைப் போடு என்பார் இன்னொருவர். சோப்புத் தடவியிருக்க வேண்டும் என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். இந்த யோசனைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழலில் சரிதான் என்றாலும், எந்தச் சூழலில் எது சரி என்பதைப் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம் வருகிறது.

பிரித்துப் பார்ப்பதற்குச் சில எண்கள் உதவும். 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றால் ஏறத்தாழ 22 கிராம் நீராவியைத் தாங்க முடியும். 14 டிகிரியில் அது 12 கிராமாகக் குறைந்துவிடுகிறது. தாங்க முடியாமல் மிஞ்சும் ஆவிதான் குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிகிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும் உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறு டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்று கொண்டால், இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கண்ணாடி பன்னிரண்டு டிகிரி குளிர்ந்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ அடிவாரத்திலிருந்து நாம் ஏற்றிவந்த ஈரக்காற்று. அது போதாதென்று நாமே நீரை உற்பத்தி செய்கிறோம். மூச்சிலும் தோலிலுமாக ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாக வெளியேறுகிறது. அப்படியானால் நான்கு பேரிடமிருந்து மணிக்கு நூறு கிராமுக்கு மேல் சேரும். சிறிய காரின் உள்ளிடம் மூன்று கன மீட்டர் அளவே என்பதால், 14 டிகிரிக் கண்ணாடியை மங்கச் செய்ய மொத்தம் 36 கிராம் ஆவி போதும். அடைத்த காரில் அது சேர கால் மணி நேரம்கூடத் தேவைப்படாது. நனைந்த குடையும் ஸ்வெட்டரும் உள்ளே இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஆகவே செய்யக்கூடியவை இரண்டுதான்: உள்ளே இருக்கும் ஆவியைக் குறைக்க வேண்டும், அல்லது கண்ணாடியைச் சூடாக்க வேண்டும். பரிந்துரைக்கப்படும் வழிகளை இந்த இரண்டு வேலைகளையும் எவ்வளவு செய்கின்றன என்பதை வைத்தே அளக்கலாம்.

முதலில் எல்லோரும் கை வைப்பது துண்டில். துடைத்தால் ஒரு நிமிடம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த நீர் காரைவிட்டு வெளியே போவதில்லை. கண்ணாடியிலிருந்து துண்டுக்கு மாறி, துண்டிலிருந்து மீண்டும் காற்றுக்குத்தான் போகிறது. வெறும் கையால் துடைத்தால் தோலின் எண்ணெய்ப்பசை கண்ணாடியில் ஒட்டி, அடுத்த முறை அதே இடத்தில் கோடுகோடாக மங்கும். என் சித்தப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் துண்டையும் பிடித்தபடியே கோத்தகிரி வரை ஓட்டியிருக்கிறார். அந்தத் திறமையை வியந்திருக்கிறேன், பின்பற்ற மாட்டேன்.

ஜன்னலைத் திறப்பது செலவில்லாத வழி. இரண்டு விரல்கடை இறக்கினாலே உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியேறத் தொடங்கும். ‘வெளியே மழை பெய்கிறதே, ஈரம்தானே உள்ளே வரும்’ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. மலையில் அந்தத் தயக்கம் தேவையற்றது. 12 டிகிரியில் முழுக்க நனைந்த காற்றில்கூடக் கன மீட்டருக்குப் பதினோரு கிராமுக்கும் குறைவான ஆவிதான் இருக்கிறது. அந்தக் காற்று உள்ளே வந்து 25 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குன்னூர் மழையில் ஈரம் சொட்டும் காற்றே காருக்குள் உலர்ந்த காற்றாகிவிடுகிறது என்பது முதலில் நம்பமுடியாததாகத் தோன்றும். சென்னை மழையில் கணக்கு வேறு. வெளிக்காற்று 25 டிகிரியில் 23 கிராம் ஆவியோடு வருகிறது. கண்ணாடியும் மழையில் நனைந்து அதே 25 டிகிரியில் இருக்கிறது. அதனுடன் நம் மூச்சும் சேரும்போது ஜன்னலைத் திறந்து வைத்தும் கண்ணாடி மங்கும். ஜன்னல் வழி மலையில் வெல்கிறது, கடற்கரைச் சமவெளியில் தோற்கிறது. மலையிலும் அது தரும் குளிரையும் சாரலையும் பின்சீட்டில் இருக்கும் வயதானவர்கள் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஹீட்டரையும் ஏசியையும் எதிரெதிராக வைத்துப் பேசுவதுதான் இந்த விவாதத்தில் உள்ள பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஏசி என்றால் குளிர், ஹீட்டர் என்றால் சூடு, இரண்டையும் ஒன்றாகப் போடுவது வீண் என்றே பலர் நம்புகிறார்கள். ஆனால் ஏசியின் உள்ளே இருக்கும் எவாப்பரேட்டர் காற்றைக் குளிரவைக்கும்போதே அதிலுள்ள நீரையும் பிழிந்துவிடுகிறது. கார் நிற்கும் இடத்தில் அடியிலிருந்து சொட்டுவது அந்த நீர்தான். எவாப்பரேட்டரை ஐந்து டிகிரியில் கடந்துவரும் காற்றில் கன மீட்டருக்கு ஏழு கிராம் ஆவி மட்டுமே எஞ்சியிருக்கும். பெரும்பாலான கார்களில் காற்று முதலில் எவாப்பரேட்டரையும் பிறகு ஹீட்டரையும் கடந்து வரும்படியே அமைத்திருக்கிறார்கள். அதனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் உலர்ந்த சூடான காற்று கிடைக்கிறது. முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பும் டீஃபாகர் பொத்தானை அழுத்தினால் பல கார்களில் ஏசியும் தானாக ஓடத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

ஆனாலும் இரண்டில் எதன் பங்கு பெரியது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. சென்னையில் 23 கிராமை ஏழெட்டுக் கிராமாகக் குறைப்பது முழுக்க ஏசியின் வேலை. அங்கே ஹீட்டரைத் தனியாகப் போட்டால் கண்ணாடி தெளிவதற்குள் நாம் வெந்துவிடுவோம். உதகையில் வெளிக்காற்றிலேயே பதினோரு கிராமுக்குள்தான் இருக்கிறது என்பதால் ஏசி கூடுதலாகப் பிழிந்தெடுப்பது மூன்று, நான்கு கிராம்தான். அங்கே வெளிக்காற்றும் ஹீட்டரும் சேர்ந்தே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். ஆகவே மலையில் முதலில் ரீசர்குலேஷனை நிறுத்த வேண்டும். அதுதான் பலர் மறக்கும் பொத்தான். பிறகு ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்பி, காற்றை முன்கண்ணாடிக்குச் செலுத்தி, புளோயரை வேகமாக வைத்து, சீக்கிரம் தெளிய வேண்டுமென்றால் ஏசியையும் போட வேண்டும். சமவெளி மழையில் ஏசி மட்டுமே போதும்; ரீசர்குலேஷனில் இருந்தாலும் அது ஈரத்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் நீண்ட பயணத்தில் உள்காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தால் கரியமில வாயு கூடி மந்தம் தட்டும் என்பதால் அவ்வப்போது வெளிக்காற்றை விடுவது நல்லது.

ஏசி வழிக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. பாதி வழியில் அதை அணைத்தால் எவாப்பரேட்டரில் தங்கியிருக்கும் நீர் ஆவியாகி நேரே முன்கண்ணாடிக்கு வருகிறது. ‘ஏசியை நிறுத்தியதும் திடீரென்று மங்கிவிட்டது’ என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை. கல்லாறில் அணைப்பதாக இருந்தால் அந்த நொடியே வெளிக்காற்றையும் திறந்துவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களின் விடியலில் உதகையில் வெப்பம் உறைநிலையை நெருங்கும்போது பல கார்களில் ஏசியை இயக்கும் கம்ப்ரசர் ஓடவே ஓடாது. அப்போது ஹீட்டரும் வெளிக்காற்றும்தான் கதி. சமவெளியில் இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு. ஏசியின் குளிர்காற்றை முன்கண்ணாடியில் அடித்தால் கண்ணாடி வெளிக்காற்றின் பனிநிலைக்குக் (அதிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே குளிர்ந்து, வெளிப்புறத்தில் மங்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போய்விடும். எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கம் என்றால் காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பி, குளிரையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பின்கண்ணாடிக்கு இந்தக் காற்று சரியாகப் போய்ச் சேராது. அங்கே படுக்கைவாட்டில் ஓடும் மெல்லிய கம்பிகளைக் கொண்ட மின்சார டீஃபாகர் கண்ணாடியையே சூடாக்குகிறது. இருக்கும் வழிகளிலேயே சுத்தமானது இதுதான். கார் வாங்கும்போது விலை குறைந்த வேரியன்ட்டில் முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் இதுதான். மலைப்பகுதியில் வசிப்பவர்கள் சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

அடுத்து சோப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளையோ ஷேவிங் ஃபோமையோ உலர்ந்த கண்ணாடியின் உட்புறம் மெல்லியதாகத் தடவி, பளிச்சென்று தெரியும்வரை காய்ந்த துணியால் தேய்த்துவிட வேண்டும். கடையில் விற்கும் ஆன்டி-ஃபாக் திரவங்களில் பலவும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. இவை நீர் படிவதைத் தடுப்பதில்லை. நீர் நுண்துளிகளாக நின்று ஒளியைச் சிதறடிக்காமல், ஒரே படலமாகப் பரவும்படி செய்கின்றன. மழையில் வைப்பர் பழுதானால் பழைய லாரி ஓட்டுநர்கள் நனைத்த புகையிலையைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தேய்ப்பதும் நீரைப் படலமாக்கும் இதே உத்திதான். ஏசியோ ஹீட்டரோ இல்லாத சரக்கு வண்டிகளுக்கும் பழைய வேன்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. மற்றவர்களுக்கு இது இரண்டாம் பட்சம்: சில நாட்களில் தேய்ந்துபோகும், சரியாகத் தேய்க்காமல் விட்ட கீற்றுகள் இரவில் எதிர் விளக்கு பட்டதும் கண்ணைக் கூசச் செய்யும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மழைநீர் முத்துமுத்தாக உருண்டோட வெளிப்புறத்தில் பூசும் பூச்சு இதற்கு நேரெதிரானது. அதை உள்ளே பூசினால் நுண்துளிகள் இன்னும் அழுத்தமாக நிற்கும்.

எதையும் தடவாமல் கண்ணாடியின் உட்புறத்தை நன்றாகத் துடைத்து வைத்தாலே பாதிப் பயன் கிடைக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப்பசையாகப் படிகிறது. நீர்த்துளிகள் பிடித்துக்கொள்ள அது வசதியான இடம். மாதம் ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கண்கூடாகக் குறைகிறது.

சிலிக்கா ஜெல் பைகள், சாக்ஸில் கட்டிய உப்பு, அரிசி மூட்டை ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரைக் கிலோ சிலிக்கா ஜெல் மிஞ்சிப்போனால் இருநூறு கிராம் நீரைப் பிடிக்கும், அதுவும் மெதுவாக. நான்கு பேர் மூச்சுவிட்டால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடுவார்கள். ஓடும் காரில் இதனால் பயனில்லை. பூட்டி நிறுத்திய காரில் இரவு முழுவதும் வைத்தால் காலையில் ஓரளவு வித்தியாசம் தெரியும். கால்சியம் குளோரைடு டப்பா இதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். ஆனால் உறிஞ்சியது உப்புக்கரைசலாகி, வளைவில் கவிழ்ந்தால் தரைத்தகட்டை அரிக்கும். அரிசியைச் சமையலறையிலேயே விட்டுவிடலாம்.

இவ்வளவு செய்தும் ஒரு கார் மட்டும் தினமும் காலையில் உள்ளே வியர்த்து நிற்கிறதென்றால், எங்கோ தண்ணீர் தங்கியிருக்கிறது என்று பொருள். தரை விரிப்பைத் தூக்கி, அடியில் செய்தித்தாளை விரித்து, ஒரு மணி நேரம் கழித்து நனைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். முன்பயணியின் காலடி நனைந்திருந்து, ஏசி இருபது நிமிடம் ஓடியும் காருக்கு அடியில் ஒரு சொட்டும் விழவில்லையென்றால், நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கக்கூடும். அதைச் சுத்தம் செய்வது சின்ன வேலைதான். ஹீட்டரைப் போட்டதும் இனிப்பான வாசனை எழுந்து, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு படிந்தால், கசிவது மழைநீரல்ல, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அந்தக் காரை மலை ஏற்றுவதற்கு முன், சூடான கூலன்ட் ஓடி ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் பாகமான ஹீட்டர் கோரை மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.