அடுத்த சந்திப்பு எங்கே: தாம்பரமா, ஜாலஹள்ளியா, சூலூரா?

எங்கள் விமானப்படை முன்னாள் வீரர்கள் சங்கத்தில் அடுத்த சந்திப்பைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. 2027 பிப்ரவரி முடிவதற்குள் நடத்த வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. எங்கே என்பதில்தான் மூன்று கட்சி.

போன தடவை வரவேற்பு மேசை என் பொறுப்பு. பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களுக்கு அப்புறம் ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்டேன். முழங்கால் வலி, ரயிலில் மேல் பர்த், கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம், வீட்டில் படுத்திருக்கும் மனைவியை விட்டுவிட்டு வர முடியாத நிலை. இடம் பிடிக்கவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதை மனதில் வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறேன்.

மனசு முதலில் போவது பெங்களூரு ஜாலஹள்ளிக்குத்தான். பெல்காம் சாம்ப்ராவில் டிரில் முடித்த கையோடு எங்களில் பாதிப் பேர் டிரேடு, அதாவது அவரவர் பிரிவுத் தொழில், கற்றுக்கொள்ள அங்கேதான் வந்து இறங்கினோம். 19 வயதில் இரும்புப் பெட்டியோடு நின்ற இடத்தை 75 வயதில் பார்ப்பது சாதாரணமா? அங்கே போனால் விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் மாருத், அஜீத் என்ற பழைய போர் விமானங்களையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் அது நகரத்தின் இன்னொரு கோடி. அந்த ஊர் போக்குவரத்தில் வயதானவர்களை வேனில் உட்காரவைத்து அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. தவிர, ஒற்றைப்படை ஆண்டுகளில் பிப்ரவரி என்றால் எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி வரும். அந்த வாரம் நல்ல அறை கிடைப்பதே கஷ்டம்.

கோவை பக்கத்துச் சூலூரில் இளைஞர்கள் காட்டும் உற்சாகம் நியாயமானது. தேஜஸ் போர் விமானங்களின் தளம் அது. சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவும் அங்கேயே. ஜனவரியில் கோவை குளிர் இதமாக இருக்கும். சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் ஏறினால் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பர்த் பிரச்சினையே இல்லை. ஆனால் விமானப்படை ஸ்டேஷனுக்குள் போக முன் அனுமதி வேண்டும். கடைசி நேரத்தில் அது மறுக்கப்பட்டால் நிகழ்ச்சியே சப்பென்று போய்விடும். எனவே உள்ளே போவதை நம்பித் திட்டம் போடாமல், கிடைத்தால் கூடுதல் சந்தோஷம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தென்மாவட்டக்காரர்களுக்கும் சூலூர் கொஞ்சம் சுற்றுவழி.

தாம்பரம் எல்லோருக்கும் பழகிய ஊர் என்பதாலேயே சிலருக்குச் சலிப்பு. எனக்கு அதுதான் பலமாகத் தெரிகிறது. மதுரை, நெல்லைப் பக்கத்து ரயில்கள் பல அங்கேயே நிற்கின்றன, எழும்பூர் வரை போக வேண்டாம். விமான நிலையம் பக்கம். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலித்தால் நல்ல ஆஸ்பத்திரி கிட்டத்திலேயே உண்டு. இன்ஜின், ஏர்பிரேம் (விமானத்தின் உடற்பகுதி) பிரிவுக்காரர்களுக்கு அது பயிற்சி பெற்ற மண்ணும்கூட.

விமானப்படை தினமான அக்டோபர் 8-இலேயே நடத்தலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். ஒன்று மழை, இல்லையென்றால் புழுக்கம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை நடத்திய சாகசக் காட்சிக்குப் போன கூட்டத்தில் 5 பேர் உயிரிழந்ததை மறக்க முடியவில்லை. நவம்பரில் பலருக்கு ஆயுள் சான்று அலைச்சல். பொங்கல் கழிந்த ஜனவரிக் கடைசிதான் சரி.

ஆகவே என் ஓட்டு: 2027 தாம்பரம், 2028 ஜாலஹள்ளி, 2029 சூலூர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. எண்பதைத் தாண்டியவர்களிடம் இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் கொண்டாட்டத்தை ஒரு பகலாகச் சுருக்கினால் வருடா வருடம் நடத்தலாம்.

ரயில் டிக்கெட்டைக் கும்பலாக ஒரே பிஎன்ஆரில் போடாதீர்கள். ஒரு டிக்கெட்டில் இருவருக்கு மேல் போனால் மூத்த குடிமக்களுக்கான கீழ் பர்த் ஒதுக்கீடு கிடைக்காது. இரண்டிரண்டு பேராகப் போடுங்கள்.

இன்னொன்று. முகவரிப் பட்டியலில் 'காலமானார்' என்று குறித்து நாம் விட்டுவிட்ட வீடுகளில் அவர்களுடைய மனைவிமார் இருக்கிறார்கள். இடம் எதுவானாலும் முதல் அழைப்பு அந்த எண்களுக்குப் போகட்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.