பாஸ்கா திரி: மூன்று வகை, ஓராண்டு எரிப்பு

பாஸ்கா திரி என்பது உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவான திருவிழிப்பில் ஏற்றி, ஆண்டு முழுதும் திருமுழுக்கிலும் அடக்கத்திலும் எரிக்கும் பெரிய மெழுகுத் திரி. அதை அந்த இரவில் பார்த்து மதிப்பிடாதீர்கள். அன்றைக்கு எல்லாத் திரியும் அழகுதான். புதிது, நெடிது, இருட்டில் ஒற்றைச் சுடர். தேறுமா தேறாதா என்பது பத்து மாதம் கழித்து, ஒரு சவப்பெட்டியின் தலைமாட்டில் நிற்கும்போது தெரியும். முன்வரிசையில் இருக்கிறவர்கள் அழுது ஓய்ந்திருப்பார்கள். மறையுரையில் பாதி காதில் ஏறாது. கண் மட்டும் சுடரில் போய் நிற்கும். அந்த நேரத்தில் திரி புகைந்தாலோ, உருகிய மெழுகில் மூழ்கி அணைந்தாலோ, உயிர்ப்பைப் பற்றிப் பீடத்திலிருந்து சொன்னது எதுவும் எடுபடாது. அதனால் இங்கே திரிகளை அடக்கத் திருப்பலியிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறோம்.

முதலில் விதி. பாஸ்கா கொண்டாட்டம் குறித்து 1988-இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் விடுத்த சுற்றுமடல் ஐந்து நிபந்தனை வைக்கிறது. திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும். போலியாக இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் புதிதாக வேண்டும். ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்து உலகின் ஒளி என்று பார்த்தவுடன் தோன்றும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். பாஸ்கா காலம் முடிந்ததும் அதைத் திருமுழுக்கு இடத்தில் வைத்து, அடக்கத்தின்போது பெட்டியருகே ஏற்றச் சொல்வதும் அதே மடல்தான். கிறிஸ்தவரின் சாவு அவருடைய சொந்தப் பாஸ்கா, ஒரு கடந்துபோதல் என்று காட்டத்தான் அந்த இடம்.

சந்தையில் கிடைப்பது மூன்று வகை.

தேன்மெழுகு பெரும்பங்காக உள்ள திரி முதல் வகை. 1904-இல் வத்திக்கானிலிருந்து வந்த ஆணை பாஸ்கா திரியில் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்கச் சொன்னது. அட்டையில் ‘51 சதவீதம்’ என்று போடும் வழக்கம் அந்தப் ‘பெரும்பகுதி’யின் வணிகக் கணக்கு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், மெதுவாக எரியும், கனமாக இருக்கும். சில வாரம் குளிர்ந்த இடத்தில் இருந்தால் மேலே வெள்ளைப் பூச்சுபோல் படரும். பூஞ்சை என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள், நல்ல தேன்மெழுகின் இயல்பு அது. வெதுவெதுப்பான மென்துணியால் துடைத்தால் போய்விடும். திருவிழிப்பில் திரியின் முன் பாடும் பாஸ்கா புகழுரையில் தேனீயைப் பெயர் சொல்லிப் பாடுகிற பகுதி இந்தத் திரியின் முன்னால்தான் பொருந்தும். பவுல் சாவிடம் ‘உன் கொடுக்கு எங்கே’ என்று கேட்பதும் இந்த இடத்தில் கொஞ்சம் குறும்பாக நினைவுக்கு வருகிறது. கொடுக்குள்ள பூச்சி செய்த மெழுகுதானே பெட்டியருகே எரிகிறது.

இரண்டாவது பாரபின் திரி. வெள்ளை வெளேர் என்று இருக்கும், வழவழக்கும், விலை குறைவு. ரகத்தைப் பொறுத்து 50-களிலேயே உருகத் தொடங்கிவிடும். வெயில் படும் அறையில் சாய்த்து வைத்தால் வளையும். காற்றடித்தால் ஒரு பக்கமாக ஒழுகும். கவனமாகப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தால் ஓராண்டு ஓட்டலாம். ஆனால் வாங்கும் விலையில் மிச்சமானது, வழிந்து வீணான மெழுகில் போய்விடும்.

மூன்றாவது, மெழுகுபோல் தோற்றமளிக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் திரவப் பாரபின் குப்பி வைத்தது. சொட்டாது, உயரம் குறையாது, குப்பி தீர்ந்தால் இன்னொன்று. இதை வாங்குகிறவர்கள் வசதியைச் சொல்வார்கள். குறை என்னவென்றால், ‘மெழுகால் ஆனது’, ‘போலியல்ல’ என்ற இரண்டு நிபந்தனையிலும் தவறுகிறது. சாம்பிராணி மணி வைத்த ஐந்து மெழுகு ஆணியைக் குத்த முடியாது, ஒட்டத்தான் முடியும். பவனியில் சாய்ந்தால் எண்ணெய் கசியும். எல்லாவற்றுக்கும் மேல், இது குறைவதே இல்லை. டிசம்பரிலும் ஏப்ரல் உயரத்திலேயே நிற்கிற திரி, தன்னைக் கொடுத்தவரின் அடையாளமாக இருக்க முடியாது. உயிர்ப்பின் நம்பிக்கை சாவே நடக்காததுபோல் பாவனை செய்வதில்லை. பேட்டரி விளக்குத் திரிக்கு இந்தப் பத்தியில் இவ்வளவு இடம் போதும்.

எவ்வளவு பெரிதாக வாங்குவது? இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. 6 செ.மீ. விட்டம், 90 செ.மீ. உயரம் உள்ள தேன்மெழுகுத் திரி சுமார் 2.4 கிலோ இருக்கும். சுடரின் அளவைப் பொறுத்து மணிக்கு 6 முதல் 9 கிராம் எரியும். அதிகபட்சமான 9-ஐயே வைத்துக்கொள்வோம். பாஸ்கா காலத்து 50 நாளுக்கு 75 மணி நேரம். ஆண்டில் 40 அடக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் மணி என்றால் 50 மணி. 40 திருமுழுக்கு, அரை மணி வீதம் 20. மொத்தம் 145 மணி நேரம், 1.3 கிலோ. அதாவது 48 செ.மீ. தீரும், 42 மிஞ்சும். உங்கள் ஆலயத்தின் எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள். பலருக்கும் 5 செ.மீ. விட்டமே போதும். 10 செ.மீ. தடியில் பெருமைக்கு வாங்கிய திரியில் மெல்லிய திரிநூல் இருந்தால், சுடர் நடுவில் மட்டும் குழி தோண்டிக்கொண்டு இறங்கும். வெளியே மதில் சுவர், உள்ளே கிணறு. பின்வரிசையிலிருந்து பார்த்தால் அணைந்த திரி மாதிரியே இருக்கும்.

இந்தக் கணக்கை அலங்காரத்துக்கும் பயன்படுத்துங்கள். சிலுவை, அதன் மேலே அகரம், கீழே னகரம் (முதலும் முடிவும் கிறிஸ்து), நான்கு இடுக்கிலும் ஆண்டின் நான்கு எண்கள். முதல் எண் மேலே இடப்பக்கம், இரண்டாவது மேலே வலப்பக்கம், மற்ற இரண்டும் அதே வரிசையில் கீழே. ஆயத்த அலங்காரத்தோடு வரும் திரிகளில் இது பெரும்பாலும் கண்ணுக்கு நேராக, நடுவிலோ அதற்கு மேலோ இருக்கும். படத்துக்கு நன்றாக இருக்கும். ஆண்டுக் கடைசியில் சிலுவையின் தலை எரிந்துபோயிருக்கும், சிலுவையில் குத்திய ஐந்து சாம்பிராணி மணியில் நான்குதான் மிஞ்சியிருக்கும். மேலே சொன்ன அளவுத் திரியில், உச்சியிலிருந்து 50 செ.மீ.க்குக் கீழேதான் சிலுவை தொடங்க வேண்டும். தாங்கிக்குள் போகும் 5 செ.மீ.யையும் கழித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து மணியும் கிறிஸ்துவின் ஐந்து காயம். யோவான் நற்செய்தி 20-இல் சீடர் தோமாவுக்குக் காட்டப்பட்ட உடல் காயங்களோடு உயிர்த்த உடல். கடைசி அடக்கம் வரை ஐந்து காயமும் திரியில் இருக்க வேண்டாமா?

சாம்பிராணி மணிகள் சிவப்பு மெழுகு ஆணிக்குள் வைத்து, அடியில் ஊசியோடு வரும். முதலாவது மேலே, இரண்டாவது நடுவே, மூன்றாவது கீழே, நான்காவது இடப்பக்கம், ஐந்தாவது வலப்பக்கம். குருவானவர் குத்தும்போது ஊசி வளைவதும், மெழுகுத் தலை உடைந்து தரையில் உருளுவதும் சாதாரணம். குளிர்ந்த தேன்மெழுகு கெட்டியாக இருக்கும், அதுதான் காரணம். மாலையிலேயே சூடாக்கிய மெல்லிய கம்பியால் ஐந்து துளையையும் போட்டு, ஆணியைச் சொருகிப் பார்த்து எடுத்து வையுங்கள். ஒன்றிரண்டு கூடுதல் ஆணி சட்டைப்பையில் இருக்கட்டும். ஒட்டும் எண்கள் உரிந்து வந்தால் தூசிதான் காரணம். இடத்தைத் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடாக்கி, விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். பழைய திரியின் எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண் ஒட்டுவதைப் பற்றி: ‘ஆண்டுதோறும் புதிது’ என்ற விதி இருக்கிறது. சுரண்டிய தழும்பும் தெரியும்.

ஏற்றும் இரவில் கவனிக்க வேண்டியவை சில. திரிநூலைச் சுற்றியுள்ள மெழுகைக் கத்தி முனையால் அரை செ.மீ. ஆழத்துக்கு எடுத்துவிட்டால், திருவிழிப்பின் தொடக்கத்தில் மூட்டும் புதுத் தீயிலிருந்து உடனே பற்றும். சிலர் மாலையிலேயே ஒருமுறை ஏற்றி அணைத்துத் தயாராக வைப்பார்கள். வேலை சுலபம்தான், ஆனால் புதுத் தீயில் முதன்முதலாகப் பற்ற வேண்டிய திரி அது; நாங்கள் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம். திரியின் தலையைத் தீக்குள் நீட்டாதீர்கள். தோள்பட்டை உருகிச் சரியும், சிவப்பு ஆணியும் வழியும். மெல்லிய குச்சியில் தீ எடுத்து ஏற்றுங்கள். மக்கள் கையிலுள்ள சிறு திரிகளுக்கு ஒரே விதி: எரிகிற திரி நிமிர்ந்தே இருக்க, அணைந்த திரிதான் அதை நோக்கிச் சாய வேண்டும். மாற்றிச் செய்தால் பக்கத்தில் இருப்பவரின் கையில் மெழுகு கொட்டும். இதை வாசலிலேயே அறிவித்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

திருமுழுக்குத் தண்ணீரில் திரியை இறக்கும்போது தாங்கியின் குறை வெளிப்படும். குழி பெரிதாக இருந்து, அடியில் காகிதம் சுற்றிச் செருகியிருந்தால், அந்தக் காகிதம் எல்லோர் கண்முன்னும் தண்ணீரில் மிதக்கும். திரியின் விட்டத்துக்கேற்ற குழியுள்ள தாங்கியையே வாங்குங்கள். திரும்ப வைக்கும்முன் அடியைத் துடைக்காவிட்டால் பித்தளைக் குழியில் பச்சைக் களிம்பு ஏறும்.

தலையில் கவிழ்க்கும் பித்தளை வளையம் தனிச் செலவுதான், ஆனால் காற்றோட்டமுள்ள ஆலயத்தில் அவசியம். மெழுகு ஒரு பக்கமாக உடைத்துக்கொண்டு ஓடாமல் அது தடுக்கும். திரியின் விட்டத்தை அளந்து வாங்க வேண்டும். தளர்வாக இருந்தால் இடுக்கில் ஒழுகும், இறுக்கமாக இருந்தால் மெழுகு குறையும்போது கீழே இறங்காமல் சிக்கி, சுடர் உள்ளேயே திணறும். மாதம் ஒருமுறை கழற்றி வெந்நீரில் கழுவுங்கள்.

இனி அடக்கம். செய்தி வந்ததும் பூ, ஒலிபெருக்கி என்று ஓடுவார்கள், திரியைப் பார்க்க ஆள் இருக்காது. முந்தின மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். திரிநூலை 6 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நீளமாக இருந்தால்தான் புகையும், மெழுகைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளத்தில் விழுந்த கரித்துண்டை எடுத்துவிடுங்கள், சுடர் அதையும் பிடித்து இரண்டாகப் பிரியும். ஓரச்சுவர் உயர்ந்திருந்தால், அரை மணி எரியவிட்டு, இளகிய விளிம்பைக் கட்டைவிரலால் உள்நோக்கி மடியுங்கள். மேலே மின்விசிறி சுழலும் இடமா என்று பாருங்கள். பெட்டியை நகர்த்த முடியாது, விசிறியை நிறுத்தலாம். திரி குட்டையாகிவிட்டதே என்று வெட்கப்பட்டுப் புதுத் திரி ஒன்றை வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். இறந்தவர் உயிர்ப்பு இரவில் இதே திரியிலிருந்து தன் கையிலிருந்த திரியை ஏற்றியிருக்கலாம், பேரக்குழந்தையின் திருமுழுக்குத் திரியும் இதிலிருந்தே பற்றியிருக்கலாம். உயரம் போதாவிட்டால் தாங்கியை உயர்த்துங்கள்.

தீர்ப்பு: 5 அல்லது 6 செ.மீ. விட்டம், தேன்மெழுகு பெரும்பங்கு, அலங்காரமில்லாத வெறும் திரி, தனியாக ஆணியும் எண்ணும், அளவான பித்தளை வளையம். ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைவது ஆணிகளின் ஊசிக்காக. கவனிக்க ஆளிருந்தால் பாரபினுக்கு இரண்டரை. எண்ணெய்க் குப்பிக்கு ஒன்று, அதுவும் சொட்டாததற்கு.

அடக்கம் முடிந்ததும் ஊதி அணைக்காதீர்கள், மெழுகு தெறிக்கும். மூடியால் அணைத்து, மெழுகு இளகி இருக்கும்போதே திரிநூலை நடுவுக்கு நிமிர்த்தி விடுங்கள். சாய்ந்தபடி உறைந்துவிட்டால் அடுத்த முறை ஏற்றும்போது ஒரு பக்கச் சுவர் முதலில் உடையும்.