கேடிஇ பிளாஸ்மா 6: இஷ்டப்படி மாற்றிக்கொள்ள உகந்த டெஸ்க்டாப்

லினக்ஸில் திரையைத் தன் பழக்கத்துக்கேற்ப அமைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, 2024 பிப்ரவரியில் வந்த கேடிஇ குழுவின் டெஸ்க்டாப் சூழலான பிளாஸ்மா 6-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பேனலில், அதாவது திரையோரப் பட்டையில், ரைட் கிளிக் செய்து அமைப்புகளைத் திறந்தாலே உயரம், இடம், தானாக மறைவது எல்லாம் கைக்கு வந்துவிடும். தவறிப் பேனலையே நீக்கிவிட்டால், காலித் திரையில் ரைட் கிளிக் செய்து, எடிட் மோடில் டிஃபால்ட் பேனலைச் சேர்த்தால் போதும்.

உண்மையான பலம் விண்டோக்களைக் கையாள்வதில்தான். விண்டோஸ் விசையோடு T எழுத்தை அழுத்தினால், திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் எடிட்டர் திறக்கும். பிறகு ஷிஃப்ட்டை அழுத்தியபடி எந்த விண்டோவை இழுத்துவிட்டாலும் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும். அகலத் திரையில் எழுதுவோருக்கு இது பெரிய வரம்.

டெஸ்க்டாப்பின் முழுத் தோற்றத்தையும் ஒரே அடியாக மாற்றும் குளோபல் தீம்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவை வெறும் படங்களும் வண்ணங்களும் அல்ல, நிரலையும் இயக்கும். 2024 மார்ச்சில் அப்படியொரு தீம் ஒரு பயனரின் கோப்புகளை அழித்தது. எனவே வண்ணத் திட்டத்தையும் ஐகான்களையும் தனித்தனியாக நிறுவுவதே மேல். பிளாஸ்மா 5-க்கான பழைய விட்ஜெட்டுகள் (திரையிலோ பேனலிலோ வைக்கும் சிறு கருவிகள்) மாற்றி எழுதப்படாமல் இதில் ஓடாது.

தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய ஒரு வழி, ஃபெசிடிக்ஸ் 5 (Fcitx 5) என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் (m17n) தொகுப்பையும் நிறுவுவது. திரையில் விண்டோக்களைக் காட்டும் அமைப்பான வேலேண்டில் (Wayland), செட்டிங்ஸின் விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தில் ஃபெசிடிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் சில செயலிகளில் தமிழ் வராது.