கொரியன் புல்லை எடுத்துவிட்டுப் பொடுதலையும் ஜல்லியும்: கோரையோடு ஒரு குடித்தனம்

கோவையில் வீடு கட்டி முடித்த நண்பர் கேட்டார்: "முன்பக்கம் ஆயிரம் சதுர அடி. புல்தரை போடவா, உங்க மாதிரி பொடுதலையும் ஜல்லியும் போடவா?" போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே.

தண்ணீர்க் கணக்கில் வாதமே கிடையாது. சித்திரை வெயிலில் புல்தரைக்குச் சதுர மீட்டருக்குத் தினம் 5 லிட்டர் வேண்டும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். அதாவது ஆயிரம் லிட்டர் தொட்டியில் தினம் பாதி. இப்போது என் வீட்டில் புல்லுக்குப் பதில் 600 சதுர அடி பொடுதலை, 400 சதுர அடி ஜல்லி, ஜல்லிக்கு நடுவே ஆவாரை, நந்தியாவட்டை, அரளி. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஒரு தொட்டியில் முடிகிறது.

பொடுதலையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வாய்க்கால் வரப்பில் சும்மா கிடக்கிற கொடி என்பதால் நர்சரிக்காரர்கள் சீண்டுவதில்லை. இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி விரல் நீளத்துக்கு வெட்டி, 25 செ.மீ. இடைவெளியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து நட வேண்டும். சதுர மீட்டருக்கு 16 துண்டு. வேர் பிடிக்கிற வரை முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர். பிறகு வாரம் ஒரு தடவை நன்றாக நனைத்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் தரை மூடிவிடும். புல் வெட்டும் மெஷினை விற்றுவிடலாம். மிதித்தால் தாங்கும், பந்து விளையாடினால் தாங்காது. மர நிழலில் மட்டும் இளைத்துப்போகும். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் இருந்தால் அப்போது மேலாக ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள்.

இனி ஜல்லிக்கு வருகிறேன். இங்கேதான் வயிற்றெரிச்சல்.

400 சதுர அடிக்கு 2 அங்குலக் கனம் என்றால் முக்கால் அங்குல ஜல்லி சுமார் 67 கன அடி. ஒரு யூனிட்டில் (100 கன அடி) மூன்றில் இரண்டு பங்கு. அடியில் களை மேட் விரித்தாயிற்று. "ஒரு களை எட்டிப் பார்க்காது சார்" என்றுதான் எல்லாக் காண்ட்ராக்டரும் சொல்வார்கள். அறுகுக்கும் பார்த்தீனியத்துக்கும் அது ஓரளவு உண்மைதான். கிழங்கிலிருந்து முளைக்கிற கோரைக் களைக்கு இல்லை. அதன் குருத்து நுனி ஊசி. நெய்த கறுப்பு மேட்டின் இழைக்குள் நுழைந்து, ஜல்லி இடுக்கில் தலை நீட்டும். பிடித்து இழுத்தால் மேட் மட்டத்தில் அறுந்து இலை மட்டும் கையில் வரும், கிழங்கு அடியில் பத்திரமாக இருக்கும். தலை போனதும் அதோடு கோத்திருக்கிற தூங்கு கிழங்குகளும் விழித்துக்கொள்ளும். ஒன்று பிடுங்கிய இடத்தில் மூன்று. வெறும் மண்ணாக இருந்தாலாவது களைக்கொத்தை இறக்கிக் கிழங்கோடு எடுக்கலாம். மேட் இருப்பதால் அதுவும் முடியாது. காசு கொடுத்துக் கோரைக்குக் கவசம் வாங்கிப் போட்ட கதை.

கோரை எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் நாம் கூப்பிட்டுத்தான். லாரிச் செம்மண், சரியாக மக்காத தொழுவுரம், நர்சரியிலிருந்து வந்த பழைய புல் பத்தை, மூன்றிலும் இருக்கும். அதனால் மேட் விரிக்கும் முன்னாலேயே வேலையை முடிக்க வேண்டும். பங்குனியில் ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, சல்லடையில் சலித்து, கிழங்கை வெயிலில் காயவிடுங்கள். சுக்காகக் காய்ந்தால்தான் சாகும், குப்பைக் குழியில் போட்டால் பிழைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் விட்டு, மிச்சம் முளைப்பதை ஐந்தாறு இலை விடுவதற்குள் தோண்டி எடுங்கள். அதைத் தாண்டவிட்டால் புதுக்கிழங்கு கட்டிவிடும். இதை மூன்று நான்கு சுற்று செய்யாமல் ஜல்லி கொட்டாதீர்கள். ஹாலோசல்ஃப்யூரான் கலந்த களைக்கொல்லி மருந்து கோரைக்குக் கேட்கும், ஆனால் அகல இலைச் செடிகளையும் பதம் பார்க்கும். பொடுதலைக்குப் பக்கத்தில் தெளிப்பானைத் தூக்கவே வேண்டாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நந்தியாவட்டை புதராகி நிழல் விழுந்த இடத்தில் கோரை நோஞ்சானாகிவிட்டது. நிழல் அதற்கு ஆகாது. வெயில் காய்கிற திறந்த ஜல்லியில்தான் ராஜ்யம். ஆகவே அழகுக்காகச் செடிகளைத் தள்ளித் தள்ளி நடாமல், இரண்டு மூன்று வருடத்தில் கிளைகள் தொட்டுக்கொள்கிற மாதிரி நடலாம்.

சொட்டுநீர்: 16 மி.மீ. குழாய், செடிக்கு இரண்டு டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர், வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம். போர் தண்ணீரின் உப்பு டிரிப்பரை அடைக்கும். 120 மெஷ் ஃபில்டரைக் கழுவுங்கள், குழாய்க் கடைசி மூடியை மாதம் ஒருமுறை திறந்துவிடுங்கள். குழாயை ஜல்லிக்கு அடியில் புதைத்தால் அணில் கடிக்காது, ஆனால் கசிவும் தெரியாது. கோரை திடீரென்று செழித்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம்.

சரி, போடலாமா? சித்திரையில் கேட்டிருந்தால் தண்ணீர்க் கணக்கைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள் என்றிருப்பேன். கேட்டது ஐப்பசியில், நாலு மழை விழுந்து ஜல்லி முழுக்கப் பச்சை ஊசி நிற்கும்போது. இன்றைய தீர்ப்பு: ஜல்லி வேண்டாம், ஆயிரம் சதுர அடிக்கும் பொடுதலையே போடுங்கள். கிட்டத்தட்ட 1,500 துண்டு வேண்டியிருக்கும். சாக்கு கொண்டு வாருங்கள், வெட்டித் தருகிறேன். மண்ணை உதறி, கோரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் தருவேன்.